பக்கத்தில் நிற்பவர் யாரோ மச்சானாம்

அன்புள்ள தம்பி ஜெகநாதனுக்கு,

உத்திரமேரூரிலிருந்து உன் அண்ணன் முத்துவேல் எழுதுவது. இங்கே மாடு, மோட்டார், உன் அண்ணி தமிழ்ச்செல்வி எல்லாம் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. காரணம் நீ. அம்பத்தூரில் அனைவரும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் பாதியில் ‘டவர் இல்லை’ என்கிறாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

உன் மகன் கார்த்திக்கின் கல்யாணத்தை நிறுத்து.

மலேசியாப் பெண் இளமதியிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் பங்காளி வீட்டுப் பெண். கார்த்திக்குத் தங்கை முறை. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கட்டின மனைவி சொக்கம்மாள் ஆயாவையும் கைக்குழந்தையான நம் அப்பாவையும் விட்டுவிட்டு, மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிய கன்னியப்பன் தாத்தாவை அப்பா போன நாளிலிருந்து தேடுகிறவன் நான். எட்டாவது தாண்டாதவன்தான். இருந்தாலும் சென்னைக்குப் போய் யார் யாரோ ஆபீசரிடம் வாதாடி, பழைய கப்பல் காகிதத்தின் தூசியெல்லாம் மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்தவன். நீ பி.காம். படித்து என்ன தேடினாய்? அப்பா கண் மூடும்போது, ‘எங்க நைனா எந்த மண்ணுல கீறாரோ’ என்றார். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். கேட்டவன் நான்.

பெண் வீட்டார் அனுப்பிய பழைய போட்டோவைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் இரண்டு பேர். நாற்காலியில் மீசையோடு உட்கார்ந்திருப்பவர் இளமதியின் கொள்ளுத்தாத்தா. அந்தக் கம்பீரம் வேறு எந்த வம்சத்துக்கு வரும்? கன்னியப்பன் தாத்தாவேதான். பக்கத்தில் நிற்பவர் யாரோ மச்சானாம். தங்கள் தாத்தா பெயர் ஏகாம்பரம் என்கிறார்கள். கப்பலேறியவர்கள் பெயரை மாற்றிக்கொள்வது உண்டு என்பது ஆராய்ச்சி செய்தவனுக்குத்தான் தெரியும். எச்சில் துப்பி அனுப்பினால் வம்சம் தெரிந்துவிடும் என்றான் கார்த்திக். நம் வம்சத்தை எச்சிலில் தேடும் நிலைமை இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போட்டோவைப் பெரிதாக்க வாலாஜாபாத்துக்குக் கிளம்பினேன். நடுவழியில் பஸ் டயர் வெடித்து, மழையில் நனைந்து, ஷேர் ஆட்டோவில் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஸ்டூடியோ ஆல்வின், ‘இன்னா பெர்சு, ரெண்டு பேரையும் போடட்டுமா?’ என்கிறான். ‘நிக்கிற ஆள வெட்டுப்பா, மச்சானுக்கெல்லாம் எங்க வூட்டு சுவத்துல இன்னா வேல?’ என்றேன். வெட்டினான். அதோடு விடாமல் தாத்தாவுக்குக் கோட்டும் டையும் மாட்டி, உதட்டில் சிவப்பும் பூசிவிட்டான். சண்டை போட்டு உதட்டை அழிக்க வைத்தேன். கூடவே பாதி மீசையும் போய்விட்டது. பேஜார்.

இதற்கெல்லாம் மேலே அசைக்க முடியாத ஆதாரம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்குப் படையலில் என்ன வைப்பீர்கள் என்று இளமதியின் அப்பாவைப் போனில் கேட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டை போட்டு வைப்போம் என்றார். ஜெகநாதா, மாகறல் முதல் வாலாஜாபாத் வரை விசாரித்துப் பார். கருவாட்டில் பலாக்கொட்டை போட்டுப் படைக்கிற வீடு நம் வீடு ஒன்றுதான். அப்படியென்றால் அவர் பங்காளி இல்லாமல் வேறு யார்? அன்றே போட்டோவுக்கு மாலை போட்டு, அதே குழம்பை வைத்துப் படைத்தேன். தெருவே வந்து விழுந்து கும்பிட்டது.

அண்ணன் தங்கைக்குத் தாலி கட்டினான் என்ற பேச்சு நம் வாசலுக்கு வேண்டாம். மீறி நடத்தினால் நான் வரமாட்டேன். என் சாவுக்கு நீயும் வராதே. உன் மனைவி பூவும் பொட்டுமாக நூறாண்டு இருக்கவும், கார்த்திக்கு வேறு நல்ல இடம் அமையவும் என் ஆசீர்வாதம்.

சொன்ன சொல் மாறாத அண்ணன்,
முத்துவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு உன் அண்ணியிடம் ஒரு பருக்கை சோறு கேட்டேன். முதலில் படித்துக் காட்டு என்றாள். படித்துக்கொண்டே கருவாட்டுக் குழம்பு வரிக்கு வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

‘இந்தாய்யா, அது இன்னா உங்க வம்சத்து கொயம்பா? சொக்கம்மா ஆயா தென்னேரியில தாய்வூட்லேர்ந்து கொண்டாந்த கொயம்பு. எனக்கு ஆயாதான் கத்துக்குடுத்துச்சி. ஆயாவோட அண்ணன் பேருதான் ஏகாம்பரம். அந்தாளுதான் உங்க தாத்தாவ மலாயாவுக்கு இட்டுக்கினு போனது.’

‘இத ஏண்டி இத்தினி நாளா சொல்லல?’

‘நீ ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தியே, நடுவுல பேசலாமா?’

ஆகவே நாற்காலியில் இருப்பவர் ஆயாவின் அண்ணன். மாமன் வழி. இளமதி கார்த்திக்குத் தங்கை இல்லை, முறைப்பெண். என் ஆராய்ச்சியில் பிழையில்லை; சொந்தம் என்றேன், சொந்தம்தானே? நாற்காலி மட்டும்தான் மாறியது.

நிற்கிற மச்சானைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் அப்பா நிற்கிறார், தம்பி. அதே ஒடுங்கின தோள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும் அதே பழக்கம். இளமதியின் அப்பாவிடம் அந்த மச்சான் பெயரைக் கேட்டேன். ‘கன்னியப்பன்’ என்றார். இத்தனை நாள் அவர்களும் சொல்லவில்லை பார். கடைசிவரை அவர்கள் வீட்டில்தான் இருந்தாராம். தோட்டத்துப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்களாம். ஆடிப் படையலில் இன்றைக்கும் அவருக்கு ஒரு இலை தனியாகப் போடுகிறார்களாம்.

கல்யாணத்தை அம்பத்தூரில் வைக்காதே. மலேசியாவிலேயே வை. எனக்குப் பாஸ்போர்ட் எடு. அந்த மண்ணில் நின்று அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். சுவரில் இருப்பவரை இறக்க மாட்டேன், படைத்தது படைத்ததுதான். நாளைக் காலை ஆல்வினிடம் போய், வெட்டிப் போட்டவரை வாங்கி வந்து பக்கத்திலேயே மாட்டப் போகிறேன். அவருக்கும் கோட்டு மாட்டினான் என்றால் ஆல்வினை நான் சும்மா விடமாட்டேன்.