முள்ளம்பன்றி பூசிய வெள்ளைச் சுவர்

ஒரு காட்டில் கரடியார் ஒருவர் உர ஆலை நடத்திவந்தார். தூரதேசத்துப் பாறையைப் பொடித்து அமிலம் ஊற்றினால் உரம் வரும், மிஞ்சுவது ஜிப்சம். அதைக் கொட்டிக் கொட்டி ஓடைக்கரையில் ஒரு வெள்ளை மலையே எழுந்துவிட்டது. வேண்டியவர்கள் சும்மா அள்ளிக்கொள்ளலாம் என்று கரடியார் பெருந்தன்மையோடு அறிவித்தார்.

பூரணி என்ற முள்ளம்பன்றி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். மழைக்கு வளை ஒழுகியது. ஜிப்சத்தைச் சுமந்துவந்து சுவர் முழுக்கப் பூசினாள். ஒழுகல் நின்றது. வந்து பார்த்த அக்கம்பக்கத்தாரும் பூசிக்கொண்டார்கள்.

ஒருநாள் கதிரியக்கம் அளக்கும் கருவியோடு கொக்கு வந்தது. வெளியே எப்போதாவது ‘டிக்’ என்ற கருவி, பூரணியின் வளைக்குள் சோளம் பொரிவதுபோலப் படபடத்தது.

“அந்தப் பாறையிலேயே கொஞ்சம் யுரேனியம் இருந்திருக்கும்மா. அதோட ரேடியம் ஜிப்சத்துல தங்கிடுச்சு. அதுலேர்ந்து ரேடான்னு ஒரு வாயு கசியும். வாசனை கிடையாது. வெளியில காத்து கொண்டுபோயிடும். மூடின வளைக்குள்ள தேங்கி, வருஷக்கணக்கா மூச்சுல போனா நுரையீரலைக் கெடுத்துடும்.”

தூங்கும் குட்டிகளின் ஏறி இறங்கும் வயிற்றைப் பூரணி பார்த்தாள். நேரே கரடியாரிடம் போனாள்.

“நான் எதையாவது கலந்தேனா, தங்கச்சி?” கரடியாருக்கு மனசு வலித்தது. “பூமி குடுத்தது. முழுக்க முழுக்க இயற்கை.”

பூரணி விடாமல் சிங்கராஜாவிடம் முறையிட்டாள். சபை கூடியது. கருவி ராஜாவின் குகையிலும் படபடத்தது. போன வாரம்தான் அங்கேயும் பூச்சு வேலை முடிந்திருந்தது. நரி மந்திரி எழுந்தார்.

“இந்தக் கருவி வர்றதுக்கு முன்னாடி இங்கே இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல, ராஜா.”

அது உண்மைதான். கருவியைத் தடை செய்தார்கள்.

பூரணி அன்றே பூச்சைச் சுரண்டி எறிந்தாள். காற்று போக மேலே ஒரு துளையும் தோண்டினாள். அடுத்த மழையில் குட்டிகள் நனைந்து, சளி பிடித்து இருமின.

“எங்க வீட்டுல யாராவது இருமுறாங்களா பாரு,” என்றாள் பக்கத்து வளை முயலம்மா. “பேசாம மறுபடி பூசு.”

பூரணி குட்டிகளை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு துளையின் கீழே தன் முதுகைக் கொடுத்தாள்.

சில வருஷங்கள் கழித்து முயலம்மாவின் கணவர் இருமி இருமிக் காலமானார். கரடியார் மலர்வளையம் அனுப்பினார். சவ ஊர்வலத்தில், கணவரைக் கடைசிவரை ஒழுகாத வீட்டில் வைத்திருந்ததாக முயலம்மா சொல்லிச் சொல்லி அழுதாள்.

நீதி: இயற்கையான பொருளால் வரும் சாவு, இயற்கைச் சாவே.