பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, மேல்நிலைப் பள்ளியா?

மலை ஏறும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரும்; மலை இறங்கும் பஸ்ஸில் தன்னம்பிக்கை வரும். இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று தயங்காமல் சொல்வேன். தூங்கிப்போனால் இறங்க வேண்டிய இடத்தை நாம் மட்டும்தான் தவறவிடுவோம். தன்னம்பிக்கையோடு போனால் ஒரு வகுப்பையே கூட்டிக்கொண்டு தவறவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் வேலை. முதல் சம்பளத்தில் ஒரு கூலிங் கிளாஸ். (அந்தக் கண்ணாடிக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று பல இடங்களில் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் ஏற்கவில்லை.)

பள்ளிக்கூடங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மற்றவர்கள் கைகழுவிய பொறுப்பெல்லாம் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் விடியும். அப்படி என் தலையில் விடிந்தவை இரண்டு: குடிநீர்த் தொட்டி, உயர்கல்வி வழிகாட்டல். தொட்டியை ஓரளவு நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் போய், "படிச்சு முடிச்சு என்ன ஆகப்போறீங்க?" என்று கேட்டேன். பாதி வகுப்பு போலீஸ் என்றது. மீதி வகுப்பு டீச்சர், நர்ஸ் என்றது. பார்த்திபன் என்ற பையன் மட்டும், "கண்டக்டர் சார். மலையில எல்லாருக்கும் அவரத்தான் தெரியும்" என்றான். முதல் வரிசை ஓரத்தில் சங்கீதா உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண். அவள் எழுந்து நின்று, "எங்க நைனாவைக் கேக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அப்பாவை மறுநாளே பள்ளிக்கு வரவழைத்தோம். பெயர் வெள்ளையன். சாமையும் புளியும் விளைவிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மறுபேச்சுக்கு இடமிருக்காது. பரீட்சை முடிந்ததும் சங்கீதாவைச் சொந்தக்காரப் பெண்களோடு திருப்பூர் மில்லுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

"காலேஜு காலேஜுன்றீங்க. அது எப்பிடிக் கீது, உள்ள இன்னா நடக்குதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடியும் யோசிக்காமல், "பசங்களைப் போளூருக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லூரியைக் காட்டிட்டு வர்றேன் மேடம். நீங்களும் வாங்க ஐயா" என்றேன்.

வெள்ளையன் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "வர்றேன். என் கண்ணால பாக்கறேன். புடிச்சிருந்தா சேக்கறேன்" என்றார்.

"வழி தெரியுமா சார்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"போளூர் நான் பிறந்து வளர்ந்த ஊர் மேடம். கண்ணைக் கட்டி விட்டாலும் போய்டுவேன்."

(நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது கட்டிய கல்லூரி அது. கண்ணைத் திறந்துகொண்டுகூட அதை நான் பார்த்ததில்லை.)

கல்லூரிக்குப் போன் செய்தேன். வேதியியல் துறையிலிருந்து கீதா மேடம் என்பவர் பேசினார். நாள் குறித்துக்கொண்டோம். "ரோட்டு மேலயே பெரிய ஆர்ச் இருக்கும் சார். எங்க டிரஸ்ட் பேர் போட்டிருக்கும்" என்றார். அதற்கப்புறமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் "சரிங்க, சரிங்க" என்றபடி, போகிற வழியில் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஆற்றப்போகும் உரையின் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த உரை கொண்டை ஊசி வளைவுகளிலேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் சீருடையில், எண்ணெய் வழிய வாரிய தலையோடு, கேட்டுக்கொண்டு வந்தார்கள். வெள்ளையன் வெள்ளை வேட்டி சட்டையில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்து பேசினால் உரைக்கு மரியாதை இல்லை என்பது என் கொள்கை.

போளூரைத் தொடுவதற்கு முன்பே ஆர்ச் தெரிந்தது. டிரஸ்ட் பெயரும் இருந்தது. "இறங்குங்க!" என்றேன்.

ஆர்ச்சின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம்.

"சார், வாழ மரம் கட்டிக் கீது" என்றான் பார்த்திபன்.

"முதல் தடவையா ஒரு மலைப் பள்ளிக்கூடம் வருதுடா. வரவேற்க மாட்டாங்களா?"

உள்ளே நுழைந்ததும் ஆளுயர பேனர் ஒன்று. கீழ்ப்பாதியை ஒரு ஐஸ்கிரீம் வண்டி மறைத்திருந்தது. மேல்பாதியில் புன்னகையோடு ஓர் இளம்பெண், பக்கத்தில் கோட் போட்ட இளைஞர். படங்களுக்குக் கீழே "கீதா, எம்.எஸ்சி., எம்.ஃபில்.", "பிரகாஷ், பி.இ." என்று எழுதியிருந்தது.

பூரித்துப்போனேன். கூலிங் கிளாஸை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளை பேனருக்கு எதிரே வரிசையாக நிறுத்தினேன்.

"இவங்கதான் கீதா மேடம். நான் போன்ல பேசினது இவங்ககிட்டதான். பேருக்குப் பின்னால எத்தனை பட்டம் பாருங்க! பக்கத்துல இருக்கிறவர் அநேகமா பிரின்சிபால். இந்தச் சின்ன வயசுல பிரின்சிபால்! படிப்பு ஒரு மனுஷனை எங்க கொண்டுபோய் நிறுத்துதுன்னு நல்லாப் பாத்துக்குங்க."

படிப்பு அவரைக் கொண்டுபோய் மணவறையில் நிறுத்தியிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

வாசலில் பட்டுப்பாவாடைச் சிறுமிகள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். வெள்ளையன் சந்தனத்தைக் கழுத்தில் பூசிக்கொண்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் புத்தியில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

"மொதல்ல டிபன் சாப்ட்டு வந்துடுங்க. பந்தி போட்டாச்சு" என்றார் ஒருவர்.

இலை போட்டார்கள். இட்லி, பொங்கல், வடை, கேசரி. பிள்ளைகள் தலை நிமிரவில்லை.

வெள்ளையன் என் பக்கம் சாய்ந்து, "இங்க படிக்கிற புள்ளைங்களுக்கு டெய்லி இப்பிடித்தான் போடுவாங்களா?" என்றார்.

"தினமும்னு சொல்ல முடியாதுங்க" என்றேன் பெருந்தன்மையாக. "நம்மளை விசேஷமா கவனிக்கிறாங்க."

"சார், இது எந்த டிபார்ட்மென்டு?" என்று எதிர்வரிசையிலிருந்து கேட்டான் பார்த்திபன்.

"கேட்டரிங்கா இருக்கும்டா."

"அப்ப நான் கேட்டரிங் சார்" என்றான். கண்டக்டர் கனவு இரண்டாவது வடையோடு முடிந்தது.

கை கழுவிவிட்டு ஹாலுக்குள் போனோம். வரிசையாக நாற்காலிகள், கூட்டம், மேடையில் புகை. இவ்வளவுக்குப் பிறகும், 'வேதியியல் செய்முறை விளக்கமோ?' என்று ஒரு கணம் என் மனம் எனக்காக வாதாடியது. அப்போது புகை விலகியது. நடுவில் மாலையும் கழுத்துமாக கீதா மேடம். பக்கத்தில், பட்டு வேட்டியில், பிரின்சிபால்.

தொண்டைக்குள் போன கேசரி திரும்பிப் பார்த்தது.

அதற்குள் ஒரு பெரியவர் எதிரே வந்து நின்றார். பெண்ணின் தாய்மாமா என்று பிறகு தெரிந்தது. சீருடை வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். "நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் கலந்து பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அரசு மேல்நிலைப் பள்ளிங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ, "காலேஜ் பின்னால கீதுப்பா. அடுத்த கேட்டு. இது அவங்க மண்டபம்" என்றார். இன்னொருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளையன் சிரிக்கவில்லை. அவர் முகம் இறுகிப்போயிருந்தது. "கூப்புடாத கல்யாணத்துல கை நனைச்சிட்டமா?" என்று மெல்லக் கேட்டார். தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மகளிடம் திரும்பினார்.

"கெளம்பு. இவ்ளோ படிச்ச சாருக்கே காலேஜு எது, கல்யாணம் எதுன்னு தெரியல. நீ படிச்சு இன்னா பண்ணப்போற?"

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு நியாயமான திட்டு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அது என்னோடு முடியாமல் சங்கீதாவின் தலையில் போய் விழுந்ததுதான் தாங்கவில்லை. அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். கன்னத்தில் சந்தனம் காயக்கூட இல்லை.

"ஐயா, தப்பு என்மேல. பொண்ணு என்ன பண்ணும்?" என்று அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பவில்லை.

"மாமா! அந்தப் பசங்களை அனுப்பாதீங்க!"

மேடையிலிருந்து குரல். மணப்பெண் குனிந்த தலையை நிமிர்த்தி, அய்யர் சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்துக்கு நடுவில் கூப்பிட்டிருந்தார்.

"ஜமுனாமரத்தூர் பசங்கதானே? நான்தான் இன்னிக்கு வரச் சொன்னேன். என் விருந்தாளிங்க. உக்கார வைங்க."

தாய்மாமா வாசலுக்கே போய், வெள்ளையன் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணே சொல்லிடுச்சு. வந்து ஒக்காருங்க. தாலி கட்டற நேரத்துல போவக் கூடாது."

அழைத்தவர் சொன்ன பிறகு போவது மரியாதை இல்லை. வெள்ளையன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன். பாதி எனக்கு முன்னால் இருந்தவர் சட்டைக்குள் போனது.

தாலி கட்டி முடிந்ததும் மேடைக்கு அழைப்பு வந்தது. ஏறினோம். "மன்னிச்சிடுங்க மேடம்" என்று தொடங்கினேன்.

"போன்ல சொன்னேனே சார், அன்னிக்கு எனக்குக் கல்யாணம், நான் லீவு, பிசிக்ஸ் சார் பாத்துக்குவார்னு. நீங்கதான் சரிங்க சரிங்கன்னீங்க" என்று மேடையோரம் நின்ற ஒருவரைக் காட்டினார் கீதா மேடம். பந்தியில் எங்களுக்குச் சாம்பார் ஊற்றியவர்தான் பிசிக்ஸ் சார் என்பது அப்போது புரிந்தது. அவர் எங்களுக்காகக் கல்லூரி வாசலில் ஆள் நிறுத்திவிட்டு வந்திருந்தாராம்.

பரிசுப் பெட்டிகளோடு எங்கள் பின்னால் வரிசை நீண்டது. போட்டோக்காரர், "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். நகர்ந்துவிடுவோம் என்று நினைத்தேன். வெள்ளையன் நகரவில்லை.

"ஏம்மா, படிக்க வெச்சா கல்யாணம் தள்ளிப் போவும்ன்றாங்களே. மெய்யா?"

மணப்பெண் யோசித்தார்.

"மெய்தாங்க. எனக்குத் தள்ளித்தான் போச்சு. அதுக்குள்ள ஒரு வேலை கெடச்சுது. புடிக்காத ரெண்டு மாப்ளய வேணாம்னு சொல்ல முடிஞ்சுது."

பிரின்சிபால்... மன்னிக்கவும், பிரகாஷ், மாலையைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான், அதுவரை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற சங்கீதா வாய் திறந்தாள். "மேடம், தமிழ் மீடியத்துல படிச்சா காலேஜ்ல கெமிஸ்ட்ரி புரியுமா?"

"மொத வருஷம் புரியாது. நான் ஹாஸ்டல் பாத்ரூம்ல போய் அழுவேன். ரெண்டாவது வருஷம் புரிய ஆரம்பிச்சிடும். நீ வா, நான் இருக்கேன்."

அவ்வளவுதான் வழிகாட்டல். நான் மூன்று வாரம் தயாரித்த உரை முழுவதிலும் பாத்ரூமில் அழுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. மற்ற பிள்ளைகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. ஹாஸ்டலில் செல்போன் விடுவார்களா, நர்சிங்குக்கு எவ்வளவு மார்க் வேண்டும் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். மணப்பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, பரிசுக் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "கல்யாணமா இன்டர்வியூவா?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு அவரும் தன் பேரனுக்காக ஒரு கேள்வி கேட்டார்.

பிசிக்ஸ் சார் பட்டு வேட்டியோடு வந்து எங்களைப் பின்னாலிருந்த கல்லூரிக்குக் கூட்டிப்போனார். ஆய்வகம், நூலகம், ஹாஸ்டல் எல்லாம் பார்த்தோம். ஹாஸ்டல் சமையற்கட்டில் அன்றைக்கு உப்புமா. வெள்ளையன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் உரை எதுவும் இல்லை. ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் பார்த்திபன் வந்து, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னான்: "நாங்க ஆர்ச்சாண்டயே கண்டுபுடிச்சிட்டோம் சார்."

"டேய்! ஏன்டா சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு வந்தீங்க. எப்பிடி சார் சொல்றது? அப்பறம் பொங்கல் வாசன வேற வந்துச்சு."

மலை பாதி ஏறிய பிறகு முன் சீட்டிலிருந்து வெள்ளையன் திரும்பினார். "காலேஜு நல்லாத்தான் கீது. பொண்ண அனுப்பறேன்" என்றார். என் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "உங்ககூட இல்ல. நானே இட்டுக்கினு போறேன்."

அப்படியே செய்தார். சேர்க்கை நாளில் கல்லூரி வாசலில் நின்று, "இன்னிக்கு உள்ள கல்யாணம் ஒண்ணும் இல்லியே?" என்று வாட்ச்மேனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே காலெடுத்து வைத்தாராம். சங்கீதா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதல் வருஷம் அவளும் பாத்ரூமில் அழுதாள். இப்போது கீதா மேடத்தின் துறையிலேயே எம்.எஸ்சி. படிக்கிறாள். பார்த்திபன் உண்மையாகவே கேட்டரிங் முடித்து ஏலகிரியில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். பேனருக்கு எதிரே நான் சொன்னதைப் பிள்ளைகள் போட்டுடைத்துவிட்டதில், கீதா மேடத்தின் வீட்டில் மாப்பிள்ளைக்குப் பெயரே போய்விட்டது. இன்றைக்கும் மாமியார் உட்பட எல்லோருக்கும் அவர் 'பிரின்சிபால்'தான். அவர் வேலை பார்ப்பது டிராக்டர் கம்பெனியில்.

போன மாதம் வெள்ளையன் பள்ளிக்கு வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டோடு தலைமையாசிரியைக்கும் எனக்கும் பத்திரிகை வைத்தார். மூத்த மகனுக்குக் கல்யாணம், மலையிலேயே, வீட்டுக்கு எதிரே பந்தல். கட்டாயம் வருகிறேன், ஆனால் அந்தப் பக்கம் எனக்கு வழி அவ்வளவாகத் தெரியாது என்றேன்.

"வழி இன்னா சார் வழி? காலேஜுக்குப் போறோம்னு நெனச்சுக்கினு கெளம்புங்க" என்றார் வெள்ளையன். "கரெக்டா கல்யாணத்துக்கு வந்து சேந்துடுவீங்க."