முல்லையாற்றங்கரையில் ஒரு சம்பந்தியைத் தொலைத்தேன்

எனக்கு ஒரு கோளாறு உண்டு. யாராவது "உங்க ஊர்ல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டேன், செருப்பை மாட்டிக்கொள்வேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குதிகால் வலிதான் காரணம், ஞானம் அல்ல.

நான்கு வருடங்களுக்கு முன்பு அது முற்றிய நிலையில் இருந்தது. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு உத்தமபாளையத்தில் வீட்டோடு கிடந்த காலம். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வது மரியாதை. வேலையும் என்னைத் தேடவில்லை என்பது உண்மை.) கம்பத்தில் தொடங்கி வீரபாண்டி வரை முல்லையாற்றை ஒட்டி நடந்தே போகிற மாதிரி ஒரு வழியை வகுத்து, கரையோரப் பழைய ஊர்களையெல்லாம் அதில் கோர்த்து, உலகத்துக்குக் கொடுக்கப் போவதாக நினைப்பு. உலகம் கேட்கவில்லை. அதெல்லாம் அந்த வயதில் ஒரு பொருட்டா?

அந்த ஆனி மாதத்தில் அக்கா ஜெசிந்தாவைப் பெண் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள். அதைவிட முக்கியம், அக்காவுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போட்டோ வந்த நாளிலிருந்து யாரும் சொல்லாமலே வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சம்மதம் சொல்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு 'யோசித்துச் சொல்கிறோம்' என்றால் இரண்டு வீட்டுக்கும் கேவலம். அதனால் அவர்கள் பைபாஸ் ஓட்டல் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டே வந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் விருந்து கிடையாது. அதோடு அன்றைக்கென்று பார்த்து எங்கள் வயலில் நடவு. தண்ணீர் திறந்துவிட்டால் ஆள் கிடைக்கிற நாள்தான் நடவு நாள். ஜெசிந்தாவுக்காக நாற்று காத்திருக்காது. அம்மா விடியுமுன்பே எழுந்து நடவுக்கு வேண்டியதையெல்லாம் முடித்து, பட்டுச்சேலை கட்டி, வாசலில் வந்து சிரித்துக்கொண்டு நின்றதே அதிசயம்.

மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா அத்தை சிரிக்கவில்லை. தீர்ப்பு அவர் கையில்தான் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பெண்களெல்லாம் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற சர்வேயர், முன்னறையில் எங்கள் மாதாகோவில் காலண்டரை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சுக்குக் கேட்டார்.

"இங்க பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு?"

வெயில் எப்படி என்று கேட்பது போலக் கேட்ட கேள்வி அது. நான் செருப்பை மாட்டினேன்.

"வாங்க மாமா, அரை மணி நேரந்தேன். ஆத்தங்கரையில ஒரு கல்வெட்டு காட்டுறேன்."

"நடக்கிற தூரமா?"

"இந்தா இங்கனதேன் மாமா."

(எங்கள் ஊரில் 'இந்தா இங்கன' என்றால் தெருமுனையும் ஆகலாம், சுருளி அருவியும் ஆகலாம். திண்டுக்கல்காரர், அவருக்கு எப்படித் தெரியும்.)

ஆற்றோரக் கோயிலைக் காட்டினேன். பழைய படித்துறையைக் காட்டினேன். அங்கேயே திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கல்வெட்டு இன்னும் கீழே இருந்தது. அதை எதிர்க்கரையிலிருந்து போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, அம்புக்குறி போல ஒன்றைக் கண்டுபிடித்து, 'பாண்டியர் கால எல்லைக்கல்லாக இருக்கலாம்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். முக்கால் மணி நேரம் நடந்து அதை அடைந்தோம். மாமா குனிந்து கைக்குட்டையால் மண்ணைத் தட்டினார். பழைய சிநேகிதனைப் பார்த்தது போல முகம் மலர்ந்தது.

"எல்லைக்கல்லுதாம்மா. ஆனா எங்க டிபார்ட்மென்ட்டு."

"பாண்டியர் காலம் இல்லையா மாமா?"

"ரெவின்யூ காலம். இந்தா, நம்பர் கூட இருக்கு பாரு."

வந்த வழியே திரும்புவதுதான் முறை. தோற்றவளாகத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. "முன்னால ஒரு பாலம் இருக்கு மாமா, ஏறுனா ரோடு" என்றேன். பாலம் என் போன் மேப்பில் இருந்தது. ஆற்றங்கரையில் இல்லை. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் நிறையத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், நடுவில் போகப் போக ஒடுங்கும் ஒரு மண்திட்டு. அதில் ஏறியவர் ஒன்று முன்னால் போக வேண்டும், அல்லது அதே தூரம் பின்னால். ஆனிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி முகத்தில் அடித்தது. துப்பட்டாவால் கண் மட்டும் தெரிகிற மாதிரி மூடிக்கொண்டேன். வேலிக்காத்தான் மாமாவின் வேட்டியைக் கிழித்தது. என் வலது செருப்பின் வார் அறுந்தது. அம்மா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க?"

"இந்தா வந்துட்டோம்மா."

கால் மணி நேரத்தில் மறுபடியும்.

"ஏண்டி, அந்தம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. மனுசன எங்க கொண்டுபோய் வச்சிருக்க?"

"வீட்டுப் பக்கம் வந்துட்டோம்மா."

மூன்றாவது பொய்யைப் பாதி சொல்லும்போது என் போன் செத்தது. மாமாவின் போன் எங்கள் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ இந்தப் பக்கம் முன்னாடி வந்திருக்கியா?"

"மேப்புல வந்திருக்கேன் மாமா."

அவர் கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் உட்கார்ந்துவிட்டார். நெற்றி முழுக்க வியர்வை. கை நடுங்கியது.

"சர்க்கரை மாத்திரை காலையிலயே போட்டுட்டேன். இப்ப ஏதாச்சும் சாப்பிடணும்மா."

என் பையில் ஒரு நோட்டு, ஒரு அளவு டேப், ஒரு சாக்பீஸ் பெட்டி இருந்தன. பாண்டியர் வரலாறு முழுவதும் தலையில் இருந்தது. ஒரு மிட்டாய் இல்லை. அக்காவின் கல்யாணம் நின்றால்கூட ஒரு பேச்சு, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்ததும் கால் வலி மறந்துபோய் ஓடினேன்.

ஐம்பது அடியில் மண்திட்டு முடிந்தது. மதகு. அதைத் தாண்டி நாற்று நட்ட வயல், வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் நடவுப் பெண்கள். நான் கத்தியதைக் கேட்டு இரண்டு பேர் ஓடி வந்து மாமாவைக் கைத்தாங்கலாக மதகைக் கடத்தினார்கள். ஒரு பெண் முந்தி முடிச்சை அவிழ்த்துக் கடலை மிட்டாயை அவர் வாயில் வைத்தாள். பேச்சி என்று மற்றவர்கள் கூப்பிட்ட குழுத் தலைவி, கேள்வி கேட்காமல் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல சாப்புடுங்கய்யா. பேரு ஊரெல்லாம் பெறகு கேட்டுக்கிருவோம்."

மாமா சாப்பிட்டார். அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நடுக்கம் நின்றது. எனக்கும் உயிர் வந்தது. அப்போதுதான் குழம்புத் தூக்குச்சட்டியின் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. அன்று நான் படித்த ஒரே கல்வெட்டு அதுதான். மிகத் தெளிவான எழுத்து, சிதைவு ஏதுமில்லை.

'சூ. ஸ்டெல்லா மேரி.'

என் அம்மா.

"அக்கா, இது யாரு வயலு?" என்றேன்.

"சூசையண்ணன் வயலு. சாப்பாடும் அவுக வீட்டுலருந்துதேன் வந்துச்சு. ஏன், நீ யாரு?"

"அவரு மகதேன்."

வரப்பு முழுக்கச் சிரித்தது. "சொந்த வயலுக்கே வழி தெரியாம வந்தவுகளா" என்றாள் ஒருத்தி. நான் எப்போதும் ரோட்டு வழியாக, அப்பாவின் டிவிஎஸ்ஸில் உட்கார்ந்து வருபவள். ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தால் எல்லா வயலும் ஒரே பச்சை. (இதை அன்றிலிருந்து பலரிடம் விளக்கியிருக்கிறேன். யாரும் ஏற்கவில்லை.)

மாமா சட்டியின் எழுத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் கை நனைச்சுட்டேன்."

"தெரியாம நடந்தது மாமா. வீட்டுல சொல்ல வேணாமே."

"முப்பது வருசம் ஊர் ஊரா அளந்திருக்கேன். எங்க வீட்டு அம்மாட்ட ஒரு சென்ட்டு மறைக்க முடிஞ்சதில்ல." கொஞ்சம் யோசித்தார். "பாதியில எந்திரிச்சா அது இன்னும் தப்பு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா."

ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ கிடைத்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது அவர்களுடைய கார் கிளம்பத் தயாராக நின்றது. அப்பா எங்களைத் தேடிப் போனவர் அப்போதுதான் வெறுங்கையோடு வந்து இறங்கியிருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் கண் சிவந்திருந்தது. பிலோமினா அத்தை கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில். கிழிந்த வேட்டியையும் மண் காலையும் ஒரு தடவை பார்த்தார்.

"மணி என்ன தெரியுமா? மாத்திரை போட்ட ஆளு. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"எங்க?"

"இவங்க வயல்ல. இவங்க வீட்டுச் சோறு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை பக்கத்தில் வந்து, கணவரின் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"கருவாடா?"

"நெத்திலி. ரெண்டு தரம் வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சம்பந்தத்த முடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க."

"சர்க்கரை இறங்கிருச்சு பிலோமி. உக்காந்துட்டேன். இந்தப் புள்ள ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வந்துச்சு. சோறு போட்டாங்க."

அத்தை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. அவ்வளவு நேரமும் அவர் முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கைப்பையைத் திண்ணையில் வைத்தார்.

"சரி," என்றார் அம்மாவைப் பார்த்து. "எங்களுக்கும் இலையப் போடுங்க."

இலை இருந்தது. போடுவதற்குச் சோறு இல்லை, எல்லாம் வயலில். அப்பா மறுபடியும் டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு பைபாஸ் ஓட்டலுக்குப் போய், அவர்கள் சொல்லி வைத்திருந்த சாப்பாட்டையே பார்சல் கட்டி வந்து, அவர்களுக்கே விருந்து வைத்தார். நான் சமையலறைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிற நாட்களில் அது அவர்கள் பொருத்தம். சண்டை வந்தால் மட்டும் போன் எனக்கு வரும். போன ஞாயிற்றுக்கிழமை குக்கர் கேஸ்கட்டை யார் தொலைத்தது என்று சண்டை.

"அன்னைக்கு உனக்கு ஒழுங்கா வழி தெரிஞ்சிருந்தா, நான் இவருகிட்ட வந்து இப்படிக் கெடப்பேனாடி?"

பக்கத்திலிருந்து மச்சானின் குரல். "அதையேதான் நானும் கேக்கணும்னு இருக்கேன். போனை என்கிட்ட குடு."

இரண்டு பேரும் மாறி மாறி என்னைத் திட்டினார்கள். பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். பத்து நிமிடத்தில் டீ போடுகிற சத்தம் கேட்டது. என்னிடம் சொல்லாமலே போனை வைத்துவிட்டார்கள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் குடும்பத்தை நான் இப்படிச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நடந்ததைவிட இதுதான் அலுப்பாக இருக்கிறது.