சாம்பல் நிறக் கேக்கும் அத்தானின் கேமராவும்

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது உங்கள் ரத்த அழுத்தம் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன சொன்னாலும் நீங்கள் பதிலுக்கு "ம்" என்று மட்டும் சொல்வீர்களே, அந்த ஒற்றை "ம்" காதில் விழுந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

உங்கள் கேமராவுக்கு என்னவோ ஆகிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. என் மனைவியின் கேக்குகளைத் தன் கண்ணாடி அலமாரியில் வைப்பதா வேண்டாமா என்று ஓட்டல்காரர் நாளை முடிவு செய்கிறார், அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும், இந்த வாய்ப்புக்காக அவள் எத்தனை நாள் நடையாய் நடந்தாள் என்பது உங்களுக்கே தெரியும். நேற்று வெள்ளை கிரீம் பூசிய கேக்கை எடுத்தேன். படத்தில் சிமெண்டு பூசியதுபோல் வந்தது. "இது என் கேக்கா, இல்ல காம்பவுண்டுச் சுவரா?" என்றாள். வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னலுக்கு முன்னால் வைத்து எடுத்தேன். ஜன்னல் பளிச்சென்று விழுந்தது, கேக் கரிக்கட்டையாகிவிட்டது. சரி, சாக்லேட் கேக்காவது ஒழுங்காக வருமா என்று பார்த்தால், அது வெளுத்துப்போய்ச் சேறாக வந்தது. பிறகு மேலே இருந்த திருகைக் கொஞ்சம், கொஞ்சம்தான் அத்தான், திருப்பினேன். அடுத்த படத்தில் எல்லாம் வெளுத்துப்போய், கேக்கும் இல்லை, மேசையும் இல்லை, பின்னால் நின்ற மனைவியின் புருவங்கள் மட்டும் இருந்தன.

இன்று காலை அதுவும் போயிற்று. கண்ணை வைத்துப் பார்த்தால் கேக், தட்டு, ஓரத்தில் மொய்க்கும் ஈ எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. எடுத்தால் முழுக் கறுப்பு. உள்ளே ஒரு சிவப்பு அம்புக்குறி வேறு எரிகிறது. எதைத் திருகினாலும் அணைய மாட்டேன் என்கிறது. எனக்குக் கை வியர்த்து, வியர்த்த கையில் கேமரா வழுக்கி, அதைப் பிடிக்கப் போய் நான் மேசையில் இடித்து... கேமரா விழவில்லை அத்தான். கேக்தான் விழுந்தது. "இன்னொண்ணு பண்றேன், அதையாவது உருப்படியா எடுங்க" என்று அவள் சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

இதோடு லென்ஸ் மூடியையும் காணோம். நேற்று அலமாரியில்தான் வைத்தேன். சோபா இடுக்கு, மாவு டப்பா, குப்பைக்கூடை ஒன்று விடாமல் துழாவியாயிற்று. ஒருவேளை நீங்கள்தான் மூடியில்லாமல் கொடுத்தீர்களோ என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் விரட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கேமராவை வாங்க வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அக்காவை முன்னால் அனுப்பிவிட்டு, கொஞ்சம் பொறுத்து நீங்கள் உள்ளே வரவும். அக்காவுக்கு அன்பும், தங்கள் பாதங்களுக்கு வணக்கமும்.

இப்படிக்கு,
தங்கள் பொறுமையை நம்பி உயிர்வாழும் மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூடி கிடைத்துவிட்டது. லென்ஸின் மேல் இருந்தது. "சர்க்கரைத் தூள் படியுமேன்னு நான்தான் ராத்திரி போட்டேன்" என்கிறாள். இந்தக் கேமராவில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல் வேறு, அது படம் பார்க்கும் லென்ஸ் வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்? சிமெண்டுக்கும் வழி பிறந்துவிட்டது. என்னைச் சாம்பல் நிறச் சட்டையில் கேக் பக்கத்தில் நிறுத்தி, "ஆடாம நில்லுங்க" என்று அதட்டி, என் சட்டையைக் குறிவைத்துப் பட்டனைப் பாதி அழுத்தி, அழுத்தியபடியே கேக் பக்கம் திரும்பி எடுத்தாள். வெள்ளை வெள்ளையாகவே வந்தது. படம் போயாயிற்று, ஓட்டல்காரர் உடனே பதில் போட்டுவிட்டார், அலமாரியில் மேல்தட்டு அவளுக்குத்தான்.

இந்தச் சட்டை வித்தை எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலையிலேயே அக்காவுக்குப் போன் போட்டு, கரிக்கட்டை, புருவம், திருகு, வியர்த்த கை எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டாளாம். வெள்ளையோ கறுப்போ எதைக் காட்டினாலும் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் முதலில் சாம்பலையே காட்டி அந்த அளவைப் பிடித்துவைத்துக்கொள் என்று அக்கா சொன்னாளாம். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாளாம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டீர்களாம். கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தேன்.

"ம்" என்றீர்களாம்.