மாமியாரைக் கொல்வது எப்படி?

"இந்த வாரம் மாமியார் காலி சார். சாயங்காலமே அனுப்பிடறேன்!"

பத்திரிகை ஆசிரியரிடம் போனில் அடித்துச் சொல்லிவிட்டு, தொடர்கதை எழுத்தாளர் கூடத்து மேஜைக்கு வந்தார். கதையில் வரும் வில்லி மாமியார் இந்த வாரம் செத்தே ஆகவேண்டும். இன்னும் இழுத்தால் அடுத்த தொடர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எழுத்தாளர் அசரவில்லை. வீட்டுக்குப் பொதுவான டேப்லெட்டில் ஏஐ இருக்கும்போது என்ன கவலை? மதியத்தில் அவருடைய மாமியார் அதில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நேரமெல்லாம் இவர் ராஜ்ஜியம்தான்.

"மாமியார் மாடிப்படியில உருண்டு சாகறா. உருக்கமா எழுது" என்று உத்தரவிட்டார்.

ஏஐ எழுதி, வாசித்தும் காட்டியது. மாமியார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தப்பிவிட்டாள். வேடிக்கை பார்க்க ஓடிவந்த மருமகன்தான் உருண்டு காலை உடைத்துக்கொண்டான்.

"யோவ், நான் சாகச் சொன்னது மாமியாரை!"

"கதைக்கு உயிரே அவர்தானே? யோசித்துப் பாருங்கள்" என்றது அது பணிவாக.

சரி, விஷம் என்று முடிவு செய்தார் எழுத்தாளர். "காப்பியில கலந்துடு. தப்பவே கூடாது!"

சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "யாருக்கு மாப்பிள்ளை?"

"கதையில அத்தை, கதையில!"

"அப்பச் சரி" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கதையில் மாமியார் கோப்பையை மாற்றி வைத்துவிட்டாள். கால்கட்டோடு கிடந்த மருமகனுக்கு இப்போது வயிற்றிலும் குழாய்.

கடைசி முயற்சியாக எழுத்தாளர் அவளை விமானத்தில் ஏற்றி, விமானத்தைக் கடலில் விழவைக்கச் சொன்னார். மாமியார் அதில் ஏறவே இல்லை. நேராக மருமகனின் ஆபீசுக்குப் போய், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுக்குப் பல வருஷமாகக் கிடைக்காத பதவி உயர்வையும் வாங்கிவிட்டாள். போதாததற்கு, மருமகன் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதும், தூக்கத்தில் தன்னைத் தானே பாராட்டிக்கொள்வதும் விலாவாரியாக வந்திருந்தன.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படியே உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருக்கான்."

"அதான் கலை! என் கூடவே இருந்து இருந்து என் நடையைப் பிடிச்சிடுச்சு."

ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார். அடுத்த தொடர் போயே போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"சார், இங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க!" என்றார் ஆசிரியர். "மாமியார் மேல கை வச்சுடாதீங்க. அந்தம்மா இன்னும் ஒரு வருஷம் ஓடணும். அடுத்த தொடரும் உங்களுக்குத்தான். அந்த ஈரத்துண்டு எல்லாம் எப்படி சார் தோணுது?"

"எல்லாம் கற்பனைதான் சார். மெஷின் சும்மா எடுபிடி வேலைக்கு."

போனை வைத்தவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வீடே கேட்கும்படி டேப்லெட்டுக்கு ஆணையிட்டார்.

"ம், ஆரம்பி! அடுத்த வார அத்தியாயம்!"

"மன்னிக்கவும்" என்றது ஏஐ. "உங்கள் மாமியார் இதுவரைதான் சொல்லியிருக்கிறார். மீதிக் கதையை நாளை மதியம் வந்து சொல்கிறாராம்."