அகலப் பலகையும் அறுத்து வைத்த எலுமிச்சம்பழமும்

சின்ன அறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதைப் பெரிதாகக் காட்ட என்னென்னவோ செய்வார்கள். கண்ணாடி மாட்டுவார்கள், வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார்கள். உள்ளே கிடக்கும் குப்பையை மட்டும் எடுக்க மாட்டார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், என் தங்கையின் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட். அதில் ஒரு குட்டி பெட்ரூம். (பெட்ரூம் என்று பில்டர் சொன்னார். பெட் போட்டால் ரூம் இருக்காது.) கேளம்பாக்கத்தில் வேலை பார்த்த என் தங்கை நித்யா அந்த அறையில்தான் இருந்தாள். அப்பா அம்மா ஊரில் இருந்ததால், அவளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பிரகாஷ், குரோம்பேட்டை. ஜாதகம் பார்த்தாயிற்று, இரண்டு பேரும் போனில் பேசிக்கூட இருந்தார்கள். அன்றிலிருந்து நித்யா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். பிடித்துப்போயிற்று என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பெண் பார்க்கும் நாளில் ஒரு கட்டம் வரும். "பையனும் பொண்ணும் கொஞ்சம் தனியா பேசட்டுமே" என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தனியாகப் பேச இருந்த ஒரே இடம் அந்த அறை. (இன்னொன்று வாஷிங் மெஷின் பக்கம்.) என் தங்கையின் வாழ்க்கை முடிவாகப் போகிற இடத்தை வெறும் டைல்ஸ் தரையோடு விடுவேனா? வெள்ளிக்கிழமைக்குள் மரத்தரை போட்டே தீருவது என்று கிளம்பினேன்.

மரத்தரை என்றால் முதல் கேள்வியே பலகையின் அகலம்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் முதல் கடைக்காரர், "அகலப் பலகை போடுங்கக்கா. ஜாயின்ட் கம்மி, ரூம் பெருசா தெரியும்" என்றார். நியாயமாகப் பட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில், "சின்ன ரூமுக்கு அகலமா? நாலு பலகையில ரூமே முடிஞ்சிடும் மேடம். ஒல்லிப் பலகைதான் எடுப்பா இருக்கும்" என்றார்கள். அதுவும் நியாயமாகப் பட்டது. கணவரிடம் கேட்டேன். "டைல்ஸே நல்லாத்தானே இருக்கு" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு. நித்யாவிடம் கேட்டேன்.

"அக்கா, நான் அவரைப் பாப்பேனா, தரையைப் பாப்பேனா?" என்றாள்.

கடையில் கொடுத்த மாதிரித் துண்டு சோப்பு டப்பா அளவு. தரையில் வைத்துப் பார்த்தேன், ஸ்டூல் மேல் ஏறி நின்றும் பார்த்தேன். சோப்பு டப்பா மாதிரியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தலைக்குக் குளித்துக் கூந்தலைக் காயவிட்டபடி உட்கார்ந்திருந்தபோது அந்த மகா யோசனை பிறந்தது. தரையிலேயே பலகைகளை வரைந்து பார்த்துவிட்டால் என்ன?

கோலத்துக்குக் கரை கட்டும் காவியை எடுத்தேன். தேக்கு நிறம் வர மஞ்சள்தூள் கலந்தேன். டைல்ஸில் ஒட்ட வேண்டுமே என்று பசையும் ஊற்றினேன். நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கலாம் என்று சுண்ணாம்பும் சேர்த்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தோன்றவில்லை. கிண்ணத்தில் இருந்தது தேக்கே இல்லை, அசல் ரத்தச் சிவப்பு.

போகட்டும், அகலம்தானே முக்கியம் என்று ஆரம்பித்தேன். அறையின் ஒரு பாதியில் அகலப் பட்டைகள், மறுபாதியில் ஒல்லிப் பட்டைகள், நடுநடுவே ஜாயின்டுக்குக் கோலமாவுக் கோடு. கோடு நேராக வர நூல் கட்ட வேண்டும். பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டால் என் கணவர் கிரிக்கெட்டை விட்டு எழவில்லை. அதனால் எலுமிச்சம்பழத்தை அரை அரையாக அறுத்து, நூலின் முனைகளில் கவிழ்த்து வைத்தேன். (முழுப் பழம் உருண்டு ஓடியது.) குழம்பாமல் இருக்க ஒரு மூலையில் 'அ', இன்னொரு மூலையில் 'ஒ' என்று எழுதினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எமர்ஜென்சி லைட்டில் சார்ஜ் இல்லை. பூஜை அலமாரியிலிருந்து விளக்கை எடுத்து வந்து நடுவில் ஏற்றி வைத்தேன்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். என் கணவர் போய்த் திறந்தார்.

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் 'சும்மா' ஒரு தடவை வருவது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லிவிட்டு வந்தால் வீடு பளபளவென்று இருக்கும். சொல்லாமல் வந்தால்தான் குடும்பம் தெரியும். பிரகாஷின் அம்மாவும் தாய்மாமனும் அப்படித்தான் வந்திருந்தார்கள். "இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு" என்று அந்த அம்மா ஹாலில் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. கை கழுவ எழுந்த மாமா, பாத்ரூம் என்று நினைத்து நான் இருந்த அறைக் கதவைத் திறந்தார்.

விரித்த கூந்தல், முழங்கை வரை சிவப்பு, பல்லிடுக்கில் நூல், முன்னால் விளக்கு, சுற்றிலும் அறுத்த எலுமிச்சம்பழம். இந்தக் கோலத்தில் மண்டி போட்டிருந்தேன்.

"இன்னாம்மா இது?" என்றார்.

அவர் காலைத் தூக்கியதைப் பார்த்துப் பதறிப்போனேன். "தாண்டாதீங்க சார். கோடு கலைஞ்சா எல்லாம் போச்சு."

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பிரகாஷின் அம்மா எட்டிப் பார்த்தார். அடடா, சம்பந்தியம்மா. மரியாதையாக எழுந்து சிவப்புக் கையைக் கூப்பிச் சிரித்தேன். "வாங்க ஆன்ட்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன். எல்லாம் உங்க பையனுக்காகத்தான்."

இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை இன்றுவரை நான் பேசியதில்லை.

நித்யா காபியோடு வந்தாள். "வேணாம்மா. வெளிய எதுவும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு" என்ற மாமா, தன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டில் படியிறங்கினார். மறுநாள் தரகர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை வேண்டாமாம். காரணம் கேட்டதற்கு, "உங்களுக்கே தெரியும்னு சொல்றாங்க" என்றார்.

நித்யா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஏற்கெனவே கழுவிய காபி டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சின்ன அறையைப் பெரிதாகக் காட்டப் போய், பெரிய சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். (அழுதபடியே கையைத் தேய்த்தேன். சிவப்பு போகவில்லை.)

எங்களைக் காப்பாற்றியது ஒரு ஜோடி செருப்பு. அந்த அவசரத்தில் மாமா தன் செருப்பை விட்டுவிட்டு என் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. காலடி மண்ணை எடுத்து வைத்தே ஆளை முடக்குவார்கள் என்பார்கள். இங்கே காலடி மண்ணோடு செருப்பே அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. மனிதருக்கு அன்றிலிருந்து முழங்கால் வலி.

செருப்பைச் சாக்காக வைத்து நித்யாவே பிரகாஷுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு ஹால் வரை கேட்டது. அன்று சாயங்காலமே அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா நெற்றி நிறைய விபூதியோடு லிஃப்ட் பக்கத்திலேயே நின்றார். நித்யா, பிரகாஷின் அம்மா கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போய், மாதிரித் துண்டுகளைக் காட்டினாள்.

அவர் தரையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே இல்லை.

"ஏம்மா, இவ்ளோ சின்ன ரூமுக்கு அகலம் எடுக்குமா? ஒல்லிதான் நல்லாருக்கு" என்றார்.

"இன்னாக்கா பேசற நீ?" என்று லிஃப்ட் பக்கமிருந்து குரல் வந்தது. "ஒல்லியா போட்டா வூடு முழுக்க கோடா கீது. அகலம்தான்." சொன்ன வேகத்தில் மாமா உள்ளே வந்துவிட்டார். அக்காவும் தம்பியும் அந்தச் சண்டையை முடிப்பதற்குள் இரண்டு சுற்று காபி ஆயிற்று. டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

வெள்ளிக்கிழமை முறையாக வந்தார்கள். பசை கலந்த காவி அதற்குள் போகுமா? பிரகாஷ் அகலப் பக்கமும் நித்யா ஒல்லிப் பக்கமும் உட்கார்ந்துதான் தனியாகப் பேசினார்கள். கதவைத் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கல்யாணத்தன்று வரவேற்பில் நான் மரியாதையாகக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை மாமா திருப்பித் திருப்பிப் பார்த்து, முழுசாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினார்.

அந்த அறைக்கு இன்னும் மரத்தரை வரவில்லை. எந்த அகலம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. டைல்ஸ் இடுக்கில் மட்டும் சிவப்பு அப்படியே இருக்கிறது. போன மாதம் நித்யா வீட்டுக்குப் போனபோது, பிரகாஷ் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் அவளுக்காகப் பால் வைத்திருந்தார். அவருடைய அம்மா மகனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"அகலமோ ஒல்லியோ, நீ அன்னிக்கு வெச்சது நல்லாவே வேலை செய்யுதும்மா."