ஒரு சொம்பு தண்ணீரும் நாற்பது லிட்டர் சோப்பும்

செவிலிமேடு, காஞ்சிபுரம்.
2025 ஜூன் 15, ஞாயிறு, காலை 11.10.
கையிருப்பு: வண்டிக்கு ஊற்றக்கூடிய எண்ணெய் பூஜ்யம் லிட்டர். சோப்பு நாற்பது லிட்டர்.

மதிப்பிற்குரிய பெரிய மாமா கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகன் லோகேஷ் வணக்கம் சொல்லி எழுதுவது. ஓசூரில் உங்கள் மகள் கீர்த்தியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. போனில் சொல்லலாம்தான்; நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "சாப்பிட்டியாபா" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதமாக வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படிப்பீர்கள் என்று அம்மா சொன்னார். படியுங்கள்.

விஷயம் ஒன்றுதான். உங்கள் தம்பி, அதாவது என் சின்ன மாமா இளங்கோவன், இனிமேல் ஷெட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஷெட் உங்களுடையது, நீங்கள் சொன்னால்தான் கேட்பார். நான் சொன்னால் நேற்றுப் பிறந்தவன் என்பார்.

ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பலகாரக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி டீசல் வண்டிக்கு எரிபொருள் ஆக்கப்போகிறேன் என்று நான் வந்து நின்றபோது, சும்மா கிடந்த சாயப்பட்டறை ஷெட்டைக் கொடுத்தீர்கள். நன்றி. கூடவே, முப்பது வருஷம் அதில் பட்டுக்குச் சாயம் போட்ட சின்ன மாமாவையும் துணைக்குக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாளே அவருக்கும் அவர் மனைவி இந்திராணி அத்தைக்கும் எல்லாவற்றையும் விளக்கினேன். எண்ணெயை அப்படியே ஊற்றினால் கெட்டி, இன்ஜின் திணறும். மெத்தனால் சேர்த்து அதை மெல்லிசாக்கினால் டீசல் மாதிரி எரியும், புகையும் குறையும். ஆனால் எண்ணெயும் மெத்தனாலும் தாமாகச் சேராது, நடுவில் வினையூக்கி என்று ஒன்று வேண்டும், நாம் போடுவது காஸ்டிக் சோடா. அது கல்யாணத் தரகர் மாதிரி, சேர்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் என்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். "தரகரு எங்கபா விலகுறாரு, வாசல்லயே நின்னுக்கினு கமிஷன் கேப்பாரு" என்றார் சின்ன மாமா. அத்தை சிரித்தார். இரண்டு பட்டம் வாங்கியது இந்தச் சிரிப்புக்குத்தான் என்று நானும் நின்றேன். தண்ணீர் மட்டும் உள்ளே வரக்கூடாது, வந்தால் எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து சோப்பாகிவிடும், அதாவது தரகரே மாப்பிள்ளையாகி மணையில் உட்கார்ந்துவிடுவார் என்றும் சொன்னேன். சுவரில் சிவப்புப் பெயின்டில் 'தண்ணீர் கூடாது' என்று எழுதியும் வைத்தேன். அதைப் பார்த்து, குடிக்கவும் கூடாதா என்று கேட்டார்.

இந்த அழகில், பள்ளிக்கூட வேன் ஓட்டும் சத்யராஜ் அண்ணன் நம்மை நம்பி வந்தார். ஒரு வேனில் டீசலோடு கொஞ்சம் கலந்து ஓட்டிப் பார்ப்பது, வண்டி மக்கர் பண்ணாவிட்டால் அவருடைய எல்லா வேனுக்கும் நானே கொடுப்பது என்று பேச்சு. அது நடந்தால் எனக்கு இந்த ஊரிலேயே தொழில். நடக்காவிட்டால், மாதக் கடைசிக்குள் வந்தால் பழைய வேலை தருகிறோம் என்று ஒரகடம் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள்; மறுபடியும் நைட் ஷிப்ட், மறுபடியும் கம்பெனி பஸ்.

நேற்று சனிக்கிழமை. டிரம்மில் இருந்த எண்ணெயில் கரண்டி விட்டு மாதிரி எடுத்துச் சோதித்தேன். ஈரம் துளிகூட இல்லை, காய்ச்சி வற்றவைக்கும் வேலை மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். பேசிவிட்டு நான் உள்ளே வருவதற்குள் சின்ன மாமா டிரம் குழாயைத் திறந்து அண்டாவை நிரப்பி வைத்திருந்தார். சுறுசுறுப்பாக இருக்கிறாரே என்று மகிழ்ந்த மடையன் நான். காஸ்டிக்கைக் கரைத்த மெத்தனாலை ஊற்றி, அளவாகச் சூடு காட்டி, கலக்கி, மூடிவிட்டு வந்தேன். இன்று காலை திறந்தால் மேலே தெளிவாக நிற்கவேண்டிய எரிபொருள் இல்லை. அண்டா முழுக்க வெண்ணெய் மாதிரி சோப்பு.

விசாரித்தேன். எண்ணெய் விடுவதற்கு முன்னால் காலி அண்டாவில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டுச் சுழற்றினாராம். ஏன் என்று கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

"காஞ்ச அண்டாவுல எதையாவது எறக்குவாங்களாபா? நூலையே நனைச்சுத்தான் சாயத்துல விடுவோம். இல்லன்னா திட்டு திட்டா புடிக்கும்."

டீசல் எந்த ஊரில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், மாமா? நீங்களே சொல்லுங்கள். இதோடு விட்டாரா? இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, நன்றாக நுரைக்கிறது, சாயத்துக்கு முன்னால் பட்டு வேகவைக்க இனிமேல் சோப்பு வாங்கவே வேண்டாம் என்று எனக்கு நல்ல சேதி சொல்கிறார். சரியாக அப்போது சத்யராஜ் அண்ணன் காலி கேனோடு வந்து நின்றார். அண்டாவை எட்டிப் பார்த்தவர், சத்தம் போடவில்லை.

"எங்க புள்ள அபியும் அந்த வேன்லதான் போவுது, லோகேஷ். இத ஊத்துனா வண்டி ஓடுமா, குளிக்குமா?"

அடுத்த ஞாயிறுவரை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சின்ன மாமாவை நான் திட்டியது உண்மை. உங்கள் சாயப் புத்தியைத் தறிக்காரர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், என் வாழ்க்கையில் கை நனைக்காதீர்கள் என்றேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நாளைக் காலை ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்பார், அவர் வழக்கம் அது. அதற்குத்தான் உங்கள் உத்தரவு கேட்கிறேன்.

பெரிய அத்தைக்கும் கீர்த்திக்கும் என் வணக்கம். குழந்தைக்கு என் ஆசி. ஏகாம்பரநாதர் தயவில் உங்கள் முழங்கால் வலி குறையட்டும். என் தலைவலிக்கு அவர் போதாது, நீங்கள்தான் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
லோகேஷ்

பி.கு. மாலை 5.40. புதிதாக ஆரம்பிக்கலாம் என்று அதே டிரம்மின் குழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். பாதிப் பாட்டில் தண்ணீர். கடைகளில் கேனைக் கழுவிய தண்ணீரையும் இதில் ஊற்றியிருக்கிறார்கள். அது அடியில் தங்கியிருக்கிறது. நான் கரண்டி விட்டது மேலே, எண்ணெய் வந்தது அடிக் குழாயில். நேற்று அண்டாவுக்குள் சொம்புக்கணக்கில் போயிருக்கும். சின்ன மாமாவின் சொம்பையும் விசாரித்துவிட்டேன்: சுழற்றிய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுத்தான் எண்ணெய் விட்டாராம். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அத்தை போனில் சொன்னார். மத்தியானம் மாமா சாப்பிடவில்லை என்றும் சொன்னார்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேலே எழுதிய கெமிஸ்ட்ரி அத்தனையும் சரி, ஆள் மட்டும்தான் தப்பு. இனி செய்யப்போவது:

1. நீங்கள் சின்ன மாமாவுக்குப் போன் போடவேண்டாம். போட்டால் குழந்தையைப் பற்றி மட்டும் பேசவும்.
2. டிரம்மின் அடியை வடித்துவிட்டு, எண்ணெயைக் குமிழி அடங்கும்வரை காய்ச்சுவேன். மேலும் கீழும் சோதிப்பேன்.
3. தப்பு யாருடையது என்று சத்யராஜ் அண்ணனிடம் நேரில் சொல்வேன். வேன் தராவிட்டால் அது அவர் நியாயம்.
4. ஒரகடத்துக்கு ஞாயிறுவரை பதில் போடமாட்டேன்.
5. இப்போதே சின்ன மாமா வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று அத்தைக்கு எதிரிலேயே சொல்லிவிடுவேன். அவர் சிரிப்பார். சிரித்து முடிக்கிறவரை எழுந்திருக்கமாட்டேன்.